கார்த்திகை மாதத்து ஓடைகள்

கோவில்பட்டியில் ரயிலை விட்டு இறங்கும் வெளியூர்க்காரரிடம் அவ்வூரார் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு: கடலைமிட்டாய் வாங்க வந்தீர்களா, கழுகுமலைச் சிற்பங்களைப் பார்க்கப் போகிறீர்களா, பாரதி பிறந்த எட்டயபுரத்துக்கு வண்டி வேண்டுமா என்பவை அவற்றுள் முக்கியமானவை. ஓடைகளைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நான் சொன்னதும், ரயிலடிக்கு எதிரே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம ஊர்லயா ஐயா?" என்று கேட்டார். அவர் சந்தேகித்ததில் தவறு இல்லை. பத்து மாதம் ஆட்டு மந்தைக்கும் மாட்டு வண்டிக்கும் பாதையாகக் கிடக்கிற ஒரு பள்ளத்தை, மீதி இரண்டு மாதத்து உத்தியோகத்தைக் கொண்டு ஓடை என்று அழைப்பது வெளியிலிருந்து வருகிறவனுக்குத்தான் பழக்கம். உள்ளூர்க்காரருக்கு அது பாதை, எல்லை, சில சமயம் வழக்கு.

ஆயினும், அந்த இரண்டு மாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் கார்த்திகையைத் தேர்ந்தெடுத்துப் புறப்பட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடக்கும் பிரதேசமாகையால், தென்மேற்குப் பருவக்காற்று மழையை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காற்றாக மட்டுமே இங்கே வந்து சேருகிறது. வருஷத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 730 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் பெய்து தீர்ந்துவிடுகிறது. அந்த மழையை வாங்கிக்கொள்ளும் சிற்றோடைகளிற் பல வைப்பாற்றைத் தேடிப் போகின்றன. மேற்கு மலையில் பிறந்து, சாத்தூரைத் தொட்டு, இருக்கன்குடியில் மாரியம்மன் சந்நிதியருகே அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு, விளாத்திகுளம் வழியாக மன்னார் வளைகுடாவில் கலக்கும் அந்த ஆறும் ஜீவநதி அன்று. மழை பெய்தால் ஆறு, இல்லாவிட்டால் மணல்.

ஊருக்கு வெளியே, 1901ஆம் வருஷம் முதல் நடந்துவரும் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிச் சாகுபடியைப் பற்றி நம் தேசத்தில் தொடங்கப்பெற்ற மிகப் பழைய நிலையங்களுள் அது ஒன்று. கருங்கண்ணிப் பருத்தியும், 'கே' என்ற எழுத்தைத் தலையில் சூடிய சோள, கம்பு ரகங்களும் அங்கிருந்து கரிசல் காடெங்கும் பரவியவை. மழை வருவதற்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் சம்சாரிகளின் பழைய துணிச்சலை அந்நிலையத்தார் சாஸ்திர ரீதியாகச் சோதித்து, விதையைக் கடினப்படுத்தும் முறைகளை வகுத்து, அதற்கு ஒரு கௌரவத்தைத் தேடித் தந்தார்கள். இந்தப் புழுதி விதைப்பு நம் விஷயத்தோடு நெருங்கிய சம்பந்தமுடையது. பின்னால் அதற்கு வருகிறேன்.

கரிசல் மண்ணின் சுபாவத்தை அறியாமல் கரிசல் ஓடையை அறிய முடியாது. சித்திரையில் கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்த மண், முதல் மழையை ஒரு துளி வெளியே விடாமல் வெடிப்புகளின் வழியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரண்டாம் மழையில் களி ஊறி உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்ள, மூன்றாம் மழைக்கு நிலம் வாயை இறுக மூடிக்கொண்டுவிடுகிறது. அதன்பின் பெய்வதெல்லாம் மேலோடு வழிந்து பள்ளத்தைத் தேடி ஓடும் தண்ணீர்தான். அப்படி ஓடும்போது அது தனியே ஓடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்களியைச் சுமந்துகொண்டு ஓடுகிறது; அந்தக் களியோ, செம்மண் வண்டலைப்போல் ஓரிரவில் படிந்துவிடும் ஜாதி அன்று, நாட்கணக்கில் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும். ஊருணித் தண்ணீரைக் குடித்து வாழ்ந்த தலைமுறையினர் மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துக் கலங்கலைத் தெளியவைத்தார்கள். அந்தக் கொட்டையும் அந்த வழக்கமும் இப்போது சித்த வைத்தியர் கடையோடு நின்றுவிட்டன.

எட்டயபுரம் சாலையில் ஒரு சிற்றூருக்கு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே செல்லும் வண்டிப்பாதையில் நடந்தேன். நடந்தேன் என்று எழுதுவது எளிது. நனைந்த கரிசலில் பத்தடி வைப்பதற்குள் செருப்பின் அடியில் இன்னொரு செருப்புக் கனத்துக்கு மண் அப்பிக்கொள்ள, அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போவதே புத்திசாலித்தனம் என்பதை எதிரே வந்த சிறுவன் ஒருவன் சிரிப்பாலேயே உணர்த்திச் சென்றான். பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில், டிராக்டர் சக்கரம் பதிந்த நீண்ட தடமொன்றில் ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி, பால் மிகுந்த காப்பியின் நிறத்தில் இருந்தது.

அந்தத் தடத்திலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கலங்கலுக்கு நடுவே, அரை விரற்கடை நீளத்தில், உடம்பே கண்ணாடியாலானதோ என்று ஐயுறத்தக்க பிராணிகள் சில மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தன. வயிறு வானத்தை நோக்கியிருக்க, இலைபோன்ற கால்கள் வரிசையாக அலை எழும்புவதைப்போல் ஒன்றன்பின் ஒன்றாக அசைய, வாலின் முனையில் செம்மை படர, ஓரிடத்தில் நில்லாமல் அவை போய்க்கொண்டிருந்தன. சிலவற்றின் வாலருகே சிறு பை தொங்கியது, அதற்குள் முட்டைகள். இறாலுக்குத் தூரத்து உறவான இந்தப் பிராணியின் இனத்துக்கு ஸ்ட்ரெப்டோசெபாலஸ் என்று விலங்கியலார் பெயரிட்டிருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தார் இவ்வினத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மீன் வாழும் நிலைத்த நீரில் இதனால் பிழைக்க முடியாது, முதல் நாளே இரையாகிவிடும். ஆகையால் மீன் வருமுன்னர் வற்றிப்போகும் குட்டைகளையே வீடாகக் கொண்டது. முட்டைகள் காய்ந்த மண்ணில் வருஷக்கணக்கில் உறங்கும், வெயிலில் வேகும், மாட்டுக் குளம்பில் ஒட்டி ஊர் மாறும், மழைத்தண்ணீர் பட்ட ஓரிரு நாளில் பொரித்து, இரண்டு வாரத்துக்குள் வளர்ந்து, இணைகூடி, அடுத்த தலைமுறை முட்டைகளை மண்ணுக்கு ஒப்படைத்துவிட்டு மறைந்துவிடும்.

இத்தனை அவசரமும் இந்த ஒரு பிராணிக்கு மட்டும் உரியதன்று. மண்ணுக்கடியில் பொந்துக்குள் கோடையைக் கழித்த பெருந்தவளை, முதற்பெருமழை இரவில் வெளிவந்து, ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறி, ஓடைமுழுதும் ஒரே முழக்கமாக எழுப்பும்; அந்த வாரத்தில் இட்ட முட்டைகள் தலைப்பிரட்டைகளாகித் தண்ணீர் வற்றுவதற்குள் கால் முளைத்துக் கரையேறியாக வேண்டும். புதுத் தண்ணீருக்கு எதிர்த்து ஏறும் அயிரையும் கெளுத்தியும் கண்மாயை விட்டு ஓடைக்கு வந்து முட்டையிட்டுத் திரும்பியாக வேண்டும். தட்டான்களுள் மஞ்சள் நிறத்து ஜாதி ஒன்று, கூட்டங்கூட்டமாகக் காற்றில் மிதந்து வந்து இத்தகைய குட்டைகளில் முட்டையிடுகிறது. அதன் புழு ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள் தண்ணீர்வாசத்தை முடித்துச் சிறகு பெற்றுவிடும். அக்டோபர் மாதத்தில் வடகிழக்குக் காற்றோடு மாலத்தீவுகளில் வந்திறங்கும் தட்டான் கூட்டங்களைப் பல வருஷம் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் ஆராய்ச்சியாளர், இவை இந்தியாவிலிருந்து சமுத்திரத்தைத் தாண்டி ஆப்பிரிக்கா நோக்கிப் போகின்றன என்று 2009இல் எழுதினார். டிராக்டர் தடத்தில் தேங்கிய தண்ணீருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இப்படியொரு சம்பந்தம் இருப்பது, உலகம் சுற்றியவர்களுக்குக்கூடத் தெரியாத செய்தி.

விவசாயத்தால் ஓடைகள் கெட்டன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போவோர் உண்டு. இந்தப் பூமியில் அது பாதி உண்மை. பாதி உண்மையும் அல்ல. கரிசலில் இயற்கையாக விடப்பட்ட மழைநீர் சில தினங்களில் கடலுக்கோ ஆவியாகவோ போய்விடும். அதைக் குறுக்கே கரை போட்டு நிறுத்தி, கண்மாய் என்றும் ஊருணி என்றும் பெயரிட்டு, மடையும் கலுங்கும் அமைத்து, மறுகால் பாயும் வழியில் இன்னொரு கண்மாய் வெட்டி, இரண்டு மாதத்துத் தண்ணீரை ஆறு மாதத்துக்கு நீட்டியவர்கள் சம்சாரிகளே. தமிழ்நாடு முழுவதும் எண்ணப்பட்ட கண்மாய் குளங்கள் ஏறத்தாழ 39,000. விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் காற்றை நேரே சுவாசித்துச் சேற்றில் பிழைத்துக் கிடப்பதற்கும், நத்தைகுத்தி நாரை நத்தை தேடி வருவதற்கும், கோரையும் சம்பும் தழைப்பதற்கும் இடம் கொடுத்தது அந்தப் பாசனமே. கோடையில் கண்மாயின் அடியில் படிந்த கரம்பையை வண்டி வண்டியாக எடுத்துக் காட்டில் அடிப்பது மற்றொரு வழக்கம். அதனால் நிலத்துக்கு உரமும் கண்மாய்க்கு ஆழமும் ஒரே வேலையில் கிடைத்தன. மண் ஓடைக்குப் போவதைத் தடுக்க முடியாத தேசத்தில், போன மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து போட்ட கணக்கு அது. 2017இல் குடிமராமத்தைப் புதுப்பிக்கத் தொடங்கிய அரசு, வண்டல் எடுக்கச் சம்சாரிகளுக்கு அனுமதி அளித்தது நல்ல காரியமே. ஆயினும், அனுமதிச் சீட்டு வாங்க அலையும் அலைச்சலை நினைத்தால் உரமூட்டையே சுலபம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள்.

ஓடைக்கரையில் ஒரு சம்சாரி குடத்தால் தண்ணீர் மொண்டு முதுகில் சுமக்கும் மருந்து டேங்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். மூடியால் இரண்டு முறை மருந்தை அளந்து ஊற்றி, குச்சியால் கலக்கி, மூடியை அந்த ஓடையிலேயே அலசி எடுத்தார். என்ன பயிர் என்று நான் கேட்டதற்கு மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து என்றார்.

"முன்ன என்ன போட்டிருந்தீக அண்ணாச்சி?"

"பருத்தி போட்டோம், உளுந்து போட்டோம், இருங்குச் சோளம் போட்டோம். எல்லாம் போட்டாச்சு ஐயா. களை எடுக்க ஆள் எங்க இருக்கு? பொம்பளைக பூராத் தீப்பெட்டி ஆபீசுக்கும் நூறுநாள் வேலைக்கும் போயிருதாக. இதுன்னா விதைச்ச மூணாம் நாள் களை மருந்து அடிச்சா, பெறகு காட்டுக்குள்ள எறங்க வேண்டாம்."

"ஓடையில மீன் உண்டா?"

"சின்னப்பிள்ளையில இதுலதான் அயிரை அரிச்சிருக்கோம். இப்பம் மருந்தடிச்ச அன்னைக்கு ஆட்டைக்கூட இந்தப் பக்கம் பத்துறதில்ல. தண்ணி குடிச்சா வயிறு ஊதிப்போகும்." சற்று நிறுத்திவிட்டு, "என்ன செய்யச் சொல்லுதீக?" என்றார்.

இந்தக் கேள்விக்கு மரியாதையான விடை என்னிடம் அப்போது இருக்கவில்லை. பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் இத்தகைய இடத்தில் உபதேசம் செய்வது வழக்கமாகையால், நான் அதையாவது செய்யாதிருந்தேன். அவர் நிலையில் நியாயம் இருக்கிறது. கோழித் தீவனத்துக்காக நாமக்கல் பக்கத்திலிருந்து வரும் கிராக்கி, ஆள் பஞ்சம், பருத்தியின் விலைச்சரிவு என்று பலதும் கூடி, சென்ற சில வருஷங்களில் இந்தப் பக்கமெல்லாம் மக்காச்சோளத்தை முதற்பயிராக்கிவிட்டன. 2018இல் அமெரிக்கப் படைப்புழு நம் தேசத்துக்கு வந்து, அதே வருஷம் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் பற்றிக்கொண்டபோது, குருத்துக்குள் ஒளிந்து தின்னும் அந்தப் புழுவுக்கு எதிராக மருந்தைத் தவிர வேறொன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவில்லை.

இனி, புழுதி விதைப்புக்கு வருகிறேன். புரட்டாசிக் கடைசியில் விதைத்த காட்டுக்கு ஐப்பசியில் மழை வருகிறது; ஈரம் கண்டவுடன், முளைக்குமுன்னரே அட்ரசின் என்னும் களைக்கொல்லி. இரண்டு, மூன்று வாரத்தில் படைப்புழுவுக்கு மருந்து. நாலாம் வாரத்தில் மேலுரமாக யூரியா. மழை பார்த்து மறுபடியும் ஒரு முறை. ஓடையின் பஞ்சாங்கத்தையும் இதனருகே வைத்துப் பாருங்கள்: ஐப்பசியில் முதல் தண்ணீர், முட்டை பொரித்தல், இரண்டாம் வாரத்தில் தலைப்பிரட்டை, நாலாம் வாரத்தில் மீன்குஞ்சும் தட்டான் புழுவும். பயிரின் காலண்டரும் ஓடையின் காலண்டரும் ஒரே மழைக்கு அடிமையாக இருப்பதால், மருந்து தெளிக்கும் ஒவ்வொரு நாளும், ஓடையில் எந்த உயிர் மிகவும் இளசாக இருக்கிறதோ அந்த நாளாகவே போய் விழுகிறது. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால், எதிரியாக வகுத்துச் செய்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாகச் செய்திருக்க முடியாது.

குற்றாலத்துக்கு மேலே காட்டு நிழலில் ஓடும் அருவி நீரை எடுத்துக்கொண்டால், ஓரிடத்தில் நஞ்சு விழுந்தாலும் அது ஓடிப்போய்விடும். மேலே மிச்சமிருக்கும் ஜீவராசிகள் மிதந்து வந்து காலி இடத்தை நிரப்பும். அந்த நீரில் கல்லுக்கடியில் வாழும் ஈசல்போன்ற நீர்ப்பூச்சிகளை மதுரையில் இருந்த கே. ஜி. சிவராமகிருஷ்ணன் பல வருஷம் ஆராய்ந்து, 1984இல் குற்றாலத்தின் பெயரையே தாங்கிய ஒரு புதிய இனத்தை விவரித்தார். காட்டோடையின் ஆரோக்கியத்தை அந்தப் பூச்சிகளைக் கொண்டே மதிப்பிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. கரிசல் ஓடைக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு மேலே காடு இல்லை. மேலேயும் மக்காச்சோளம், கீழேயும் மக்காச்சோளம். மறுபடி உயிர் வருவதற்கு அதற்கு உள்ள ஒரே களஞ்சியம் அடிமண்ணில் உறங்கும் முட்டைகளே. ஒரு வருஷம் பொரித்தவை முட்டையிடுமுன் மடிந்தால், களஞ்சியத்தில் அந்த வருஷத்து வரவு இல்லை. சில வருஷம் இப்படியே போனால் செலவு மட்டுமே நடக்கும்.

நஞ்சுகளின் வழியும் ஒன்றுபோல் இல்லை. பைரித்திராய்டு வகை மருந்துகள் களிமண்ணைப் பற்றிக்கொண்டு ஓடைக்கு வந்து அடியில் படிகின்றன. அட்ரசினோ மண்ணில் அவ்வளவாக ஒட்டாமல் தண்ணீரோடு தண்ணீராகவே போய்விடும், கரிசல் போன்ற கார மண்ணில் அழியவும் அதிக காலம் எடுக்கும். 2002இல் கலிபோர்னியாவில் டைரன் ஹேஸ் என்ற பேராசிரியர், நூறு கோடிப் பங்கு நீரில் ஒரு பங்கில் பத்தில் ஒன்று அட்ரசின் இருந்தாலே ஆண் தவளைக் குஞ்சுகளின் இனவிருத்தி உறுப்புகள் திரிகின்றன என்று அறிவித்தார். அதை மறுத்தவர்களும் உண்டு, மறுப்புக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் என்ற விவாதமும் உண்டு; ஐரோப்பிய ஒன்றியம் அந்த மருந்தை நிலத்தடி நீர் கெடும் என்ற காரணத்தால் விலக்கிவிட்டது. நம் மத்திய அரசு 2020இல் தடைசெய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 மருந்துகளின் பட்டியலிலும் அதன் பெயர் இருந்தது. கடைகளில் இன்றும் இருக்கிறது. படைப்புழுவுக்கு அடிக்கும் எமாமெக்டின் பென்சோயேட் இறால் வகுப்பைச் சேர்ந்த சிற்றுயிர்களுக்கு மிகக் கொடியது என்பது பரிசோதனையில் தேறிய விஷயம். கண்ணாடிக் குப்பியில் மல்லாந்து நீந்திய அந்தப் பிராணி அந்த வகுப்பைச் சேர்ந்ததே. யூரியாவைச் சாதுவான உப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் அது தண்ணீரில் அம்மோனியாவாக மாறும்போது, நீரின் காரத் தன்மையும் உஷ்ணமும் ஏற ஏற, மீனின் செவுளுக்கு விஷமாகும் பங்கும் ஏறுகிறது. உஷ்ணம் ஏறினால் பிராணவாயுவின் அளவும் குறையும்: இருபது டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குமேல் கரையும் அந்த வாயு, முப்பது டிகிரியில் ஏழரை மில்லிகிராமே கரைகிறது. கரையில் நிழல்மரம் இருந்த காலத்து ஓடைக்கும், வரப்பு மழிக்கப்பட்ட இன்றைய ஓடைக்கும் இந்த வித்தியாசமே சில மீன்களுக்கு உயிர்.

மண்ணின் கணக்கு தனி. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், சர்வதேச வறண்ட நிலப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1976 முதல் கரிசல் மண்ணிலேயே இரண்டு நீர்ப்பிடிப்புகளைப் பக்கத்துப் பக்கமாக வைத்து ஒப்பிட்டுவருகிறார்கள். பழைய முறையில் மழைக்காலத்தில் தரிசாக விட்ட நிலம் ஹெக்டேருக்கு வருஷந்தோறும் ஆறு டன்னுக்கு மேல் மண்ணை இழந்தது. அகலப் பாத்தியும் சாலும் சரிவுக்கு ஏற்றபடி அமைத்து, மழைக்காலத்திலும் பயிர் வைத்த நிலம் ஒன்றரை டன்னளவே இழந்தது. விளைச்சலோ பல மடங்காயிற்று. சம்சாரிக்கு லாபமானதே ஓடைக்கும் லாபமாக இருக்கும் அபூர்வமான இடங்களுள் இது ஒன்று என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். நான் நடந்த காட்டிலோ, டிராக்டர் உழவு ஓடையின் விளிம்புவரை போய், விளிம்பையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டிருந்தது. முன்பு பொழியில் இருந்த பனையும் கொழுக்கட்டைப் புல்லும், நீரோட்டத்தை ஒரு கணமேனும் தடுத்து மண்ணை இறக்கிவைத்தவை, இப்போது ஓரடி நிலத்துக்காகப் போய்விட்டன. அந்த ஓரடியும் அடுத்த மழைக்கு ஓடையோடு போகிறது.

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு (அங்கே கூட்டமில்லாதது எனக்கு வசதியாகவும், வருத்தமாகவும் இருந்தது) விளாத்திகுளத்துக்குப் பஸ் ஏறினேன். வழிநெடுக, உழாத நிலமெல்லாம் சீமைக்கருவேலம். 1877இல் நம் தேசத்துக்குள் கொண்டுவரப்பட்டு, பின்னர் விறகுப் பஞ்சம் தீர்க்கும் பொருட்டு வறண்ட மாவட்டங்களில் ஊக்கி வளர்க்கப்பட்ட இந்த மரம், ஓடைப்படுகையையும் கண்மாயின் உட்பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அதை வேரோடு அகற்ற உத்தரவிட்ட காலத்தில் பொக்லைன் இயந்திரங்கள் ஓடிய வேகத்தை ஜனங்கள் இன்னும் வேடிக்கையாகச் சொல்கிறார்கள். வெட்டிய இடத்தில் மறுபடியும் அதுவே நிற்கிறது. ஆனால் இதைச் சார்ந்து கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் விளாத்திகுளம் பக்கத்தில் ஏராளம். மழை தவறிய வருஷத்தில் காடு சோறு போடாது, கருவேலம் போடும். ஆகவே இந்த மரத்தைப் பழிப்பதில் என் உற்சாகம் மட்டானதே.

விளாத்திகுளத்துப் பாலத்தில் நின்று பார்க்கும்போது வைப்பாறு கருமண்ணின் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழே, வலையோடு நின்ற இளைஞர்கள் இருவர் பிடித்து வைத்திருந்த வாளியைக் காட்டினார்கள்: பெரும்பகுதி ஜிலேபி. 1952இல் நம் நாட்டுக்கு வந்த இந்த ஆப்பிரிக்க மீன் கலங்கலையும் வெப்பத்தையும் பிராணவாயுக் குறைவையும் பொருட்படுத்தாமல் பெருகும். அடியில் இரண்டு கெளுத்தி, ஒரு குரவை. அயிரை இல்லை. அயிரையை அவர்கள் சந்தையில் பார்த்திருக்கிறார்கள், மதுரைக் கடைகளில் விலை கேட்டிருக்கிறார்கள், ஆற்றில் அரித்ததில்லை.

அந்தக் கலங்கல் அங்கிருந்து சிறிது தூரத்தில், வைப்பாறு கிராமத்தருகே கடலில் கலக்கிறது. அதற்கெதிரே 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வெளிச்சத்தை நம்பி வாழும் பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் நுண்களி எத்தகைய விருந்தாளி என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்தப் பேய்மழையில் இந்த ஜில்லா முழுவதும் எவ்வளவு மேல்மண் கடலுக்குப் போயிருக்கும் என்று நினைத்தால், சாதாரண வருஷத்து இழப்பை அலட்சியம் செய்யத் தோன்றும். அது சரியன்று. பேய்மழை எப்போதாவது வருவது. ஐப்பசி வருஷந்தோறும் வருவது.

பிரேசில் தேசத்து வனச்சட்டம், பத்து மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடையானாலும் இரு கரையிலும் முப்பது மீட்டர் அகலத்துக்கு மரஞ்செடிகளை விட்டுவைக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சம்சாரியிடம் முப்பது மீட்டரைக் கேட்பது நிலத்தையே கேட்பதாகும். ஆனால் பத்தடி கேட்கலாம். அந்தப் பத்தடியில் கொழுக்கட்டைப் புல் விட்டால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அறுத்துப் போடலாம்; பனை வைத்தால் பேரன் காலத்தில் காய்க்கும்; ஓடைக்கு வரும் மண்ணில் கணிசமான பங்கு அங்கேயே நின்றுவிடும். அந்த நிலத்துக்கு ஈடாகச் சர்க்கார் ஏதேனும் கொடுப்பதும் நியாயமே. நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்ட மானியம் கொடுக்கிறவர்களுக்கு ஓடைக்கரைப் புல்லுக்குக் கொடுப்பது பெரிய காரியமன்று.

அதற்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு காரியம் இருக்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்துச் சம்சாரிகளுக்கு இதை ஒரு விண்ணப்பமாகவே வைக்கிறேன். மருந்து டேங்குக்குத் தண்ணீரைக் குடத்தில் காட்டுக்குக் கொண்டுபோய் அங்கே கலந்துகொள்ளுங்கள். அடித்து முடித்த டேங்கையும் மூடியையும் அலசிய தண்ணீரை அதே காட்டில் ஊற்றிவிடுங்கள். காலி டப்பாவை ஓடையில் எறியாதீர்கள். மேகம் கறுத்து மழை நாளைக்கு வரும் என்று தோன்றினால், மருந்தையும் யூரியாவையும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். மழைக்கு முன்னால் போட்ட யூரியா பயிருக்குப் போகாமல் ஓடைக்குத்தான் போகும். மூட்டைக்குக் கொடுத்த பணம் உங்களுடையது.